பாஸ்வேர்ட் கேட்காத வீடு

நான் சொல்லப்போகிற கதையில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சத்தியம் செய்யச் சொன்னால் என் இரண்டு முழங்கால் மேலும் அடித்துச் செய்வேன். பல் மேல் செய்யலாம்தான். ஆனால் அது டாக்டர் கட்டிவிட்ட பல். சத்தியம் அவர் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். என்னிடம் மிச்சமிருக்கிற அசல் சரக்கு முழங்கால் ஒன்றுதான். நான் படியேறும்போது அது போடுகிற சத்தத்தைக் கட்டடமே கேட்டிருக்கிறது. ஆகையால் நம்பிக் கேளுங்கள்.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு புருஷன், பெண்டாட்டி. புருஷனுக்கு வீடு மாற்றிக்கொடுக்கிற கம்பெனியில் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று எங்காவது இருக்கும். கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்த பெயர் அடுக்கண்ணன். ஒரு வீட்டுச் சாமானை ஒரு லாரியில் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். அடுக்கண்ணன் ஏற்றினால் அதே லாரியில் டிரைவர் கட்டில் போட்டுத் தூங்குகிற அளவுக்கு இடம் மிச்சமிருக்கும். ஒருதரம் பியானோவுக்குள் பாத்திரம், பாத்திரத்துக்குள் செருப்பு, செருப்புக்குள் அலாரம் கடிகாரம் என்று திணித்து ஏற்றி அனுப்பினார். கடிகாரத்தை எடுக்க மறந்துபோனார்கள். அந்த வீட்டுப் பியானோ இன்றைக்கும் விடிந்தால் தானாக அடிப்பதாகக் கேள்வி.

பெண்டாட்டி டெய்லரம்மா. கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு அந்த அம்மா ஒரு பார்வை பார்த்தால் போதும், எதிரே நிற்கிறவனின் இடுப்பளவும் தெரிந்துவிடும், அவன் காலையிலிருந்து சொன்ன பொய்யின் அளவும் தெரிந்துவிடும். வீட்டு முன்னறைதான் தையல் கூடம். ஒரு மூலையில் கம்ப்யூட்டர். அதன் பக்கத்தில் அறையின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு நீள மேஜை. கம்ப்யூட்டரில் கையும் கழுத்தும் வரைந்து கொடுத்தால் மேஜை மேல் ஒரு கத்தி தானாக ஓடித் துணியை வெட்டும். இன்னொரு மூலையில் திரை போட்டு மறைத்த இடம், அளவு பார்க்க வருகிறவர்கள் உடுத்திப் பார்ப்பதற்கு. அந்தத் திரையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்கண்ணனுக்கு இடுப்பு போய்க்கொண்டிருந்தது. அலமாரிகளும் ஃப்ரிட்ஜுகளும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய்விட்டன. அகலமான பெல்ட்டைக் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போவார். திரும்பி வந்து அதைக் கழற்றும்போது ஒரு முனகல் முனகுவார். அப்போதெல்லாம் டெய்லரம்மாவின் தையல் மெஷின் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் பிறகுதான் ஓடும். தூக்குகிற வேலையை விட்டுவிடுங்கள் என்று அந்த அம்மா சொல்லாத நாள் இல்லை. விட்டுவிட்டு என்ன செய்வது என்று அவர் கேட்காத நாளும் இல்லை.

லாரி ஓடும்போது கேபினில் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில், போனில் பாடம் பார்த்துப் பார்த்து, ப்ரோக்ராம் எழுதக் கற்றுக்கொண்டார் மனிதர். தலைக்குள் இருக்கிற அடுக்கு வித்தையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் பிறகு இடுப்பு எதற்கு என்று அவருக்கு ஒரு யோசனை. யோசனை பிரமாதம். அதை ஆரம்பித்த விதத்தில்தான் வினை வந்தது.

டெய்லரம்மாவின் கம்ப்யூட்டரில் ப்ரோக்ராம் மொழி ஒன்று ஏற்கெனவே இருந்தது. அரதப் பழசு. கத்தியை ஓட்டுகிற மென்பொருள் அந்தப் பழசின் தோள்மேல் ஏறித்தான் உட்கார்ந்திருந்தது. அது அடுக்கண்ணனுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தொழில் தர்மம். புது சோபா உள்ளே வருகிறதா, பழைய சோபாவைத் தூக்கி வெளியே வை. அதே மாதிரி, கம்ப்யூட்டர் முழுமைக்குமாகப் புது மொழியை இறக்கினார். பழசை வேரோடு துடைத்துப் போட்டார். கையைத் தட்டிக்கொண்டு, இடம் சுத்தமாகிவிட்டது என்று பெருமையோடு வேலைக்குப் போனார்.

அன்றைக்கு டெய்லரம்மா ஒரு பேண்டு வாத்தியக் குழுவுக்குக் கோட்டு வெட்டிக்கொண்டிருந்தார். பழசின் தோளில் உட்காரவேண்டிய மென்பொருளுக்குத் தோளே காணாமல் போய்விட்டது. கத்திக்குப் பைத்தியம் பிடித்தது. நேர்கோட்டில் ஓடத் தொடங்கித் துணியைத் தாண்டி, மேஜையைத் தாண்டி, சுவர் வரைக்கும் போய் முட்டிக்கொண்டு நின்றது. பிறகு வெட்டிய கோட்டுகளில் எல்லாம் ஒரு கை ஆள் உயரம், மறு கை குழந்தைக்கு. குழலை நீட்டி இழுத்து ட்ராம்போன் வாசிக்கிறவர் மட்டும் தனக்கு இதுவே வசதி என்று வாங்கிப்போனார். மற்றவர்கள் வாங்கவில்லை.

சாயங்காலம் அடுக்கண்ணன் வந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. அந்த அம்மா திட்டியிருந்தால் தப்பித்திருப்பார். திட்டவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எங்கெங்கோ படித்து, பழைய மொழியைத் தேடிப்பிடித்துத் திரும்பக் குடியேற்றிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு நாற்காலியைத் திருப்பினார்.

"ஏங்க, இனிமே இந்த மெஷின்ல நீங்க விருந்தாளி. வரலாம், உக்காரலாம், பாட்டு கேக்கலாம். எதையும் நகத்தக் கூடாது. அட்மின் பாஸ்வேர்டை மாத்திட்டேன்."

அடுக்கண்ணன் சுவரில் இருந்த கத்திக் காயத்தைப் பார்த்தார். இனி இந்த மெஷினில் ஒரு ஆணிகூட அடிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது மனப்பூர்வமாகத்தான் கொடுத்தார். அதில் சந்தேகமே வேண்டாம்.

அது நடந்து கொஞ்ச நாளில் கம்பெனி முதலாளி ஒரு சேதி சொன்னார். எந்த லாரியில் எதை எப்படி ஏற்றுவது என்று ஆபீஸில் உட்கார்ந்தே திட்டம் போட ஒரு ஆள் வேண்டும். சுழல் நாற்காலி, மேஜை, ஜன்னலோர இடம். யாராவது திட்டம் போட நல்ல வழி வைத்திருந்தால் வந்து காட்டலாம். இல்லாவிட்டால் தன் மச்சானை உட்கார வைத்துவிடப் போவதாகவும் சொன்னார். அந்த மச்சான் வாழ்க்கையில் தூக்கிய மிகக் கனமான பொருள் தன் சொந்தக் கை. அதையும் சாப்பாட்டு நேரத்தில்தான் தூக்குவார்.

அடுக்கண்ணனின் கண்ணில் அந்த நாற்காலி சுழல ஆரம்பித்தது. அவர் வாய் அவருக்கு முன்னால் பேசிவிட்டது. என்னிடம் ஒரு ப்ரோக்ராம் இருக்கிறது முதலாளி, என்றார். இருக்கவில்லை. எழுதினால்தான் இருக்கும். எழுத வேண்டுமானால் மொழி வேண்டும், கருவிகள் வேண்டும். அவற்றை இறக்க பாஸ்வேர்ட் வேண்டும். பாஸ்வேர்டோ அளவு நாடாவுக்குப் பின்னால் இருந்தது.

இந்த விசனத்தோடு லிஃப்டில் நின்றவருக்குத்தான் அந்த ஆச்சரியம் நடந்தது. நாலாம் மாடியில் ஒரு சாஃப்ட்வேர் தம்பி. காதில் எப்போதும் ஹெட்போன் மாட்டியிருப்பான். அவன் காது எப்படி இருக்கும் என்று அவனைப் பெற்றவளே மறந்திருப்பாள். அந்தத் தம்பி அன்றைக்கு ஹெட்போனைக் கழற்றினான். கச்சிதமாக உடம்பில் உட்கார்ந்த ஒரு புதுச் சட்டை போட்டிருந்தான். அண்ணே, முகமே சரியில்லையே, என்று அவனாகவே கேட்டான்.

அடுக்கண்ணன் குறையைக் கொட்டினார். தம்பி சிரித்தான்.

"எதுக்குண்ணே மெஷின் முழுசுக்கும் போடுறீங்க? உங்க பேர்ல ஒரு ஹோம் ஃபோல்டர் இருக்குல்ல, அதுக்குள்ளயே எல்லாத்தையும் போட்டுக்குங்க. பாஸ்வேர்டே கேக்காது."

அவன் விளக்கியது இப்படி. கம்ப்யூட்டர் என்பது ஒரு வீடு. நடுக்கூடமும் சமையலறையும் எல்லோருக்கும் பொது. அங்கே எதையாவது நகர்த்தினால் வீட்டில் எல்லோருக்கும் இடிக்கும். அதனால் அங்கே ஆணி அடிக்க அட்மின் அனுமதி வேண்டும். ஆனால் ஆளாளுக்கு ஒரு அறை உண்டு. அதற்குள் உங்கள் மொழி, உங்கள் கருவி, உங்கள் இஷ்டம். பழசு கூடத்திலேயே இருக்கட்டும், புதுசு உங்கள் அறையில் இருக்கட்டும், இரண்டும் முகம் பார்த்துக்கொள்ளாது. ஒன்றே ஒன்று செய்ய வேண்டும். ஒரு பெயரைத் தட்டினால் கம்ப்யூட்டர் எங்கெங்கே போய்த் தேடவேண்டும் என்று ஆளுக்கு ஒரு வரி இருக்கிறது. உங்கள் வரியில், முதலில் என் அறையில் தேடு, அப்புறம் கூடத்தில் தேடு என்று எழுதிவிட வேண்டும். அவ்வளவுதான்.

நாலாம் மாடி வந்தது. தம்பி ஹெட்போனை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அடுக்கண்ணன் மூன்றாம் மாடியில் இறங்க மறந்து அவனோடு வந்துவிட்டதைப் படி இறங்கும்போதுதான் கவனித்தார்.

கொடுத்த வாக்கை அவர் மீறவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவரும் அதைப் பலமுறை தனக்குத்தானே எடுத்துச் சொல்லிக்கொண்டார். மெஷினில் ஆணி அடிக்கமாட்டேன் என்றுதானே வாக்கு. என் அறை வேறு, மெஷின் வேறு. வக்கீல் வைத்தால்கூட இவ்வளவு நியாயம் பேசமாட்டார்.

மறுநாள் காலையில் டெய்லரம்மா குளிக்கப் போன நேரம் பார்த்துக் குடியேற்றம் தொடங்கியது. மொழி வந்தது. கருவிகள் வந்தன. ஒவ்வொன்றும் எங்கே இறங்கட்டும் என்று கேட்டபோது, இங்கே, என் ஹோமுக்குள் என்று கை காட்டினார். இத்தனை வருஷம் அடுத்தவர் வீட்டுக்குச் சாமான் இறக்கியவர், முதன்முதலாகத் தன் வீட்டுக்கு இறக்கிக்கொண்டார். ஒரு இடத்திலும் பாஸ்வேர்ட் கேட்கவில்லை. தேடுகிற வரியையும் எழுதினார். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் எல்லாம் முடிந்து, பாட்டு கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, காலங்காத்தால பாட்டு?"

"விருந்தாளிதானே. பாட்டு கேக்கலாம்னு நீதானே சொன்னே."

"கேளுங்க, கேளுங்க. ஆனா பொட்டியில சத்தமே வரலையே."

ஸ்பீக்கரைப் போட மறந்துவிட்டார். மனசுக்குள் பாடுகிறது என்று சமாளித்தார். அந்த அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே, நல்ல பாட்டாக இருக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்படியாகத் தினமும் காலையில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது ப்ரோக்ராம். அதற்கு "அடுக்கு" என்று தன் பெயரில் பாதியை வைத்தார். திரையில் ஒரு நீளப் பெட்டி, அதுதான் பக்கவாட்டில் பார்த்த லாரி. கட்டில் இவ்வளவு, பீரோ இவ்வளவு என்று அளவைக் கொடுத்தால், சின்னச் சின்னக் கட்டங்கள் அங்கே இங்கே திரும்பி, நிமிர்ந்து, படுத்து, சந்து பொந்தில் எல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆரம்பத்தில் ஒழுங்காக உட்காரவில்லை. ஒருநாள் பீரோ லாரிக்கு வெளியே தொங்கியது. எங்கே தப்பு என்று பிடிபடாமல் வேலைக்குப் போனார். மறுநாள் திறந்தால் பீரோ உள்ளே சமர்த்தாக நிற்கிறது. இன்னொரு நாள் இரண்டு கட்டில்கள் ஒன்றின் மேல் ஒன்று ஆவி மாதிரி ஊடுருவி நின்றன. மறுநாள் அதுவும் சரியாகியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் சந்தேகம் வந்திருக்கும். அடுக்கண்ணனுக்கு வந்தது கர்வம். சரியாகத்தான் எழுதியிருக்கிறோம், அவசரத்தில் நமக்குத்தான் தப்பாகத் தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். போகப்போக, தன் ப்ரோக்ராம் மீன் குழம்பு மாதிரி, ஒரு நாள் வைத்திருந்தால் ருசி கூடுகிறது என்று முடிவு கட்டினார். திரையின் ஓரத்தில் ஒருநாள் "வெல்வெட்" என்று பெயர் போட்ட சின்னக் கட்டம் ஒன்று முளைத்திருந்தது. அதையும் பார்த்தார். கருவியோடு கூட வந்த அலங்காரம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

முதலாளி வருகிற நாளும் வந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டர் மாவாட்டுவதற்குத்தான் லாயக்கு என்பதால், வீட்டுக்கே வந்து பார்க்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அன்றைக்கு டெய்லரம்மா நூலும் பட்டனும் வாங்கக் கடைக்குப் போகிற நாள். அந்த நேரமாகப் பார்த்துத்தான் அடுக்கண்ணன் வரச் சொல்லியிருந்தார்.

டெய்லரம்மா கடைக்குப் போகவில்லை. பேண்டுக் குழுவின் கோட்டுகளைத் திரும்ப வெட்ட உட்கார்ந்துவிட்டார். கத்தி மேஜை மேல் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் திரையில் அவர் பெயரில் உள்ள கணக்கு திறந்திருந்தது. கடைக்குப் போகலையா என்று அடுக்கண்ணன் நாலு விதமாகக் கேட்டுப் பார்த்தார். கடை எங்கேயும் ஓடிவிடாது என்று ஒரே விதமாகப் பதில் வந்தது. அதற்குள் வாசல் மணி அடித்தது.

முதலாளி உள்ளே வந்து, காபி குடித்து, கத்தி ஓடுவதை வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, சரி காட்டுப்பா என்றார்.

அடுக்கண்ணன் மனைவியிடம் குனிந்தார். அவர் குரல் ஊசியில் கோக்கிற நூல் மாதிரி மெலிந்திருந்தது.

"ஏம்மா, கொஞ்சம் உன் கணக்கை மூடிட்டு என் கணக்கைத் திறக்கட்டுமா?"

"கத்தி ஓடுதுங்க. திரை மாறினா அந்தக் கிழட்டு மென்பொருள் கோவிச்சுக்கிட்டு நின்னுடும். மறுபடி ஒரு கை நீளம், ஒரு கை குட்டையா வேணுமா?"

வேண்டாம். அது வேண்டவே வேண்டாம். ஆனால் அடுக்கு இருப்பது அவர் அறையில். மனைவியின் கணக்கிலிருந்து கூப்பிட்டால், கம்ப்யூட்டர் அந்த அம்மாவின் அறையிலும் கூடத்திலும் தேடிவிட்டு, அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லிவிடும். சுழல் நாற்காலி மச்சானை உட்கார வைத்துக்கொண்டு சுழல்வது அவருக்குக் கண்ணெதிரே தெரிந்தது. இடுப்பு ஒருதரம் சுரீர் என்றது.

அந்த நெருக்கடியிலும் மனிதருக்கு ஒரு தந்திரம் உதித்தது பாருங்கள். மனைவியின் கணக்கிலேயே பெயரைத் தட்டுவது. இல்லை என்று கம்ப்யூட்டர் கைவிரிக்கும். பார்த்தீர்களா முதலாளி, இன்றைக்கு மெஷினுக்கு உடம்பு சரியில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்று அனுப்பிவிடுவது. மெஷின் மேல் பழி, தன் மேல் ஒரு தூசுகூடக் கிடையாது. முகத்தில் இப்போதே வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு, "அடுக்கு" என்று தட்டினார்.

அடுக்கு திறந்துகொண்டது.

வருத்தம் தயாராக இருந்த முகத்தில் வேறெதுவும் வைக்க நேரமில்லை. திரையில் லாரி நின்றது. அதற்குள் ஏற்கெனவே சாமான் ஏற்றியிருந்தது. ஒவ்வொரு கட்டத்தின் மேலும் பெயர். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"இடது கை. வலது கை. கழுத்து. முதுகு, ரெண்டு துண்டு." கண்ணாடியைக் கழற்றினார். "யாரோட முதுகுப்பா இது? நம்ம லாரியில என்ன ஏத்துறே?"

அடுக்கண்ணன் தானும் திரையை எட்டிப் பார்த்தார். மேஜைப் பக்கமிருந்து டெய்லரம்மாதான், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், அது ஒத்திகை பார்த்ததுங்க, புதுசா வீட்டுச் சாமான் அளவைக் கொடுத்துப் பாருங்க என்று சொல்லி முதலாளியின் நெஞ்சை ஆற்றினார்.

கொடுத்தார்கள். கட்டில், பீரோ, சோபா, சாப்பாட்டு மேஜை, ஃப்ரிட்ஜ். கட்டங்கள் பறந்து பறந்து உட்கார்ந்தன. கொஞ்சம்கூட இடைவெளி இல்லை. முதலாளி தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர், ஒரு இடத்தில் ஆட்டுவதை நிறுத்தினார்.

"ஃப்ரிட்ஜைப் படுக்க வெச்சிருக்கு. அப்படி ஏத்திட்டுப் போனா வீட்டுக்காரன் என்னைப் படுக்க வெச்சிடுவான். லாரி ஏத்தினவன் எழுதின ப்ரோக்ராமாய்யா இது?"

அடுக்கண்ணனுக்குத் தெரியாத விஷயமா. கையால் ஏற்றும்போது ஒரு ஃப்ரிட்ஜையாவது அவர் படுக்க வைத்ததுண்டா. கை செய்ததைக் கை தானாகச் செய்தது. அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும் என்று தலைக்குத் தோன்றவில்லை. இனி தோன்றி என்ன. முதலாளி எழுந்துகொள்வதற்காக நாற்காலியின் கையைப் பிடித்துவிட்டார்.

"ஏங்க," என்றார் டெய்லரம்மா, அப்போதும் நிமிராமல். "வெல்வெட்டைத் தட்டுங்க."

"எதை?"

"ஃப்ரிட்ஜைத் தொட்டுட்டு, அந்த வெல்வெட்ங்கிற கட்டத்தைத் தட்டுங்க."

தட்டினார். ஃப்ரிட்ஜ் விறைப்பாக எழுந்து நின்றது. அது நின்ற வேகத்தில் சோபா நகர்ந்து வழிவிட்டது, பீரோ ஓரம் போனது, மேஜை கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. எல்லாம் அடங்கியது. ஃப்ரிட்ஜ் மட்டும் எந்த மூலைக்குப் போனாலும் நின்றபடியேதான் போனது.

முதலாளி நாற்காலியின் கையை விட்டார். அவர் முகத்தில் மெல்ல ஒரு விடியல் தெரிந்தது.

"அது சரி, ஃப்ரிட்ஜ் எப்பய்யா வெல்வெட் ஆச்சு?"

எனக்கென்ன தெரியும் என்று அடுக்கண்ணனின் உதடு வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, அந்த அம்மா முந்திக்கொண்டார். வெல்வெட் துணியை மேலிருந்து கீழே தடவினால் ஒரு நிறம், கீழிருந்து மேலே தடவினால் வேறு நிறம். அதனால் கையோ கழுத்தோ எந்தத் துண்டையும் அதன் மேல் திருப்பி வைத்து வெட்டக் கூடாது. திருப்பக் கூடாத சாமானுக்கெல்லாம் வீட்டில் இவர் வைத்த பெயர் வெல்வெட்டுங்க, என்று சொல்லிவிட்டு, கத்தரித்த துணியை மடிக்கப் போய்விட்டார்.

"அப்ப பியானோவும் வெல்வெட்," என்றார் முதலாளி.

"மீன் தொட்டியும்," என்றார் அடுக்கண்ணன். அந்த ஒன்றுதான் அன்றைக்கு அவராகச் சொன்னது.

நாற்காலி அடுக்கண்ணனுக்குத்தான் என்று சொல்லிவிட்டு முதலாளி எழுந்தார். மச்சானை என்ன செய்வது என்று வாசல் வரைக்கும் யோசித்தவர், அவனையும் வெல்வெட் என்று குறித்து ஒரு மூலையில் நிறுத்திவிடலாம் என்றார். போகும்போது டெய்லரம்மாவிடம் ஏதோ கேட்டார். அந்த அம்மாவும் தலையசைத்தார். அதை அடுக்கண்ணன் கவனிக்கவில்லை. அவர் பெல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

கதவு சாத்திய பிறகு இரண்டு பேரும் தனியாக நின்றார்கள். கத்தி ஓடி முடித்திருந்தது.

"எப்பலேர்ந்து?" என்றார் அவர்.

"என்ன எப்பலேர்ந்து?"

"என் அறைக்குள்ள வந்து போறது."

"நீங்க குடி வந்த அன்னைக்கே. சத்தமில்லாம பாட்டு கேட்டீங்களே, அப்பவே தெரிஞ்சுது. எனக்கு ஒரே துணிக்குள்ள ஒரு கோட்டு முழுசையும் அடக்கணும். உங்களுக்கு ஒரே லாரிக்குள்ள ஒரு வீடு முழுசையும் அடக்கணும். ரெண்டும் ஒண்ணுதானே. என் வரியில, என் அறையைப் பாரு, கூடத்தைப் பாரு, அங்கயும் இல்லேன்னா அவர் அறையைப் பாருன்னு எழுதிட்டேன். நீங்க வேலைக்குப் போனதும் நான் எடுத்துப்பேன். பீரோ வெளிய தொங்கினா எனக்குக் கோட்டுக் கைதானே வெளிய தொங்கும். அதனால தெரிஞ்சவரைக்கும் சரி பண்ணினேன்."

அடுக்கண்ணனின் கர்வம் மாடிப்படியில் இறங்குகிற சத்தம் எனக்கே கேட்டது.

"உள்ள போக உன்னை பாஸ்வேர்ட் கேக்கவே இல்லையா?"

"உங்க அறைக்குள்ள போக உங்களைக் கேக்காது. யார் அறைக்குள்ள போகவும் என்னைக் கேக்காது. அட்மின்னா அதுதாங்க."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொன்னா நிறுத்திடுவீங்க." அந்த அம்மா நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார். "முதல் தடவை எல்லாருக்கும் தெரிய, ஜம்னு செஞ்சீங்க. செவுத்தைப் பாருங்க. ஒளிஞ்சு செஞ்சாத்தான் நீங்க பாத்து, பதனமா, இடிக்காம செய்றீங்க. அதான் ஹெட்போன் தம்பிக்கு ஒரு சட்டை தெச்சுக் குடுத்து, லிஃப்டுல உங்களைப் பிடிக்கச் சொன்னேன்."

அடுக்கண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்தார். வெகு நாளைக்கு அப்புறம் அந்த முன்னறையில் பெல்ட் கழற்றிய பிறகு முனகல் இல்லாமல் வேறு சத்தம் கேட்டது.

ஆனாலும் புருஷன் புருஷன்தானே. போகட்டும், இந்த வீட்டில்தான் நான் விருந்தாளி, ஆபீஸில் நான்தான் ராஜா என்று ஒரு ஆறுதல் வைத்திருந்தார். புது வேலையில் சேர்கிற அன்று தலையைப் படிய வாரிக்கொண்டு போனார். பெல்ட் கட்டாத இடுப்பு அவருக்கே லேசாக இருந்தது. ஜன்னலோரம் சுழல் நாற்காலி. மேஜையில் பளபளவென்று புதுக் கம்ப்யூட்டர். இடப்பக்கம் ஒரு சுற்று, வலப்பக்கம் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, முதல் வேலையாக அடுக்கை மெஷின் முழுமைக்குமாக, கூடத்து நடுவில், ராஜா மாதிரி இறக்கப் போனார்.

கம்ப்யூட்டர் அட்மின் பாஸ்வேர்ட் கேட்டது.

அவர் முதலாளியிடம் போய்க் கேட்டார். முதலாளி பேப்பரை மடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அது உங்க வீட்டம்மாகிட்ட இருக்குப்பா. அன்னைக்கே கேட்டு வெச்சுட்டேன், அவங்கதான் இங்கயும் அட்மின். நீ உன் ஹோமுக்குள்ள போட்டுக்க."

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஆபீஸில் நடந்ததையும் அதற்கு முந்திய கதையையும் அடுக்கண்ணன் லிஃப்டில் புலம்பியபோது கேட்டேன். முதலாளி வந்த அன்று வீட்டில் நடந்ததை யாரிடமும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. முன்னறை மூலையில் ஒரு திரை உண்டு என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்குக் கால்சட்டைக்கு அளவு பார்க்கப் போயிருந்தேன். தொடை முழுக்கக் குண்டூசி குத்தி நிற்க வைத்துவிட்டு அந்த அம்மா முதலாளியைக் கவனிக்கப் போய்விட்டார். அசைந்தால் குத்தும். அசையாமல், முதலிலிருந்து கடைசி வரை, மூச்சுவிடாமல் கேட்டேன்.

நீங்கள் இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், யார் சொன்னார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் கால்சட்டை இன்னும் அந்த அம்மாவிடம்தான் இருக்கிறது, ஒரு காலை நீளமாகவும் ஒரு காலைக் குட்டையாகவும் வெட்ட அவருக்கு வழி தெரியும்.